இன்சுலின் போட்டாயிற்றா, இல்லையா? தாளிலும் கணினியிலும் இரண்டு பதிவு வைத்திருக்கும் வார்டுகளைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: வார்டு செவிலியர், தென்மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். 200 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் 11 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணிபுரிகிறேன். இப்போது ஆண்கள் பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். 4 மாதங்களுக்கு முன்பு எங்கள் மருத்துவமனையில் நோயாளிகளின் பதிவுகளைக் கணினிக்கு மாற்றினார்கள். மாற்றினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. தாளில் எழுதுவதை நிறுத்தாமலே கணினியிலும் ஏற்றச் சொன்னார்கள். மென்பொருள் கைக்குப் பழகும் வரை ஒரு மாதம் இரண்டும் இருக்கட்டும் என்று அன்று சொன்னது, இன்று வரை அப்படியே நீடிக்கிறது.

எங்கள் வார்டில் 32 படுக்கைகள். இரவில் இரண்டு செவிலியர்களும் ஒரு பயிற்சி மாணவியும் இருப்போம். கணினிகள் இரண்டு, இரண்டுமே வார்டின் வாசலருகே நர்சிங் ஸ்டேஷனில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் பெரும்பாலும் டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரி அடித்துக்கொண்டிருப்பார். ஆகவே, படுக்கையருகே ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்த்துச் சார்ட்டில் எழுதிவிட்டு, டியூட்டி முடியும் வேளையில் மொத்தமாக உட்கார்ந்து கணினியில் ஏற்றுகிறோம். இரவு 2 மணிக்குப் பார்த்ததும் அதிகாலை 5 மணிக்குப் பார்த்ததும் கணினியில் 6.40 என்றே நிற்கின்றன. அண்மையில் ஒரு நோயாளியின் காப்பீட்டுக் கோப்பில், இரவு முழுவதும் அவரை ஒருவரும் வந்து பார்க்கவில்லையா என்று கேள்வி எழுப்பியிருந்தார்கள். அன்றிரவு அவர் அருகே நான்கு முறை போய் நின்றவள் நான்.

ஆனால் என்னை எழுத வைத்தது வேறொரு நிகழ்வு. சென்ற மாதம் ஒரு காலையில், 60 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இரவுப் பணியில் இருந்த செவிலியர் சி.பி.ஜி. (விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை அளவு) பார்த்து, காலை உணவுக்கு முன்பு போட வேண்டிய 12 யூனிட் இன்சுலினை 7.10-க்குப் போட்டுவிட்டு, தாளில் நேரம் குறித்துக் கையெழுத்தும் இட்டார். அதற்குள் அடுத்த படுக்கையில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்துவிட்டதால், கணினிப் பக்கம் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. 7.30-க்கு ஹேண்டோவர், அதாவது அடுத்த டியூட்டியிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். பகல் டியூட்டிக்கு வந்த செவிலியர், பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி திரையைப் பார்த்தார். இன்சுலின் இன்னும் கொடுக்கப்படவில்லை என்று சிவப்பு எழுத்தில் நின்றது. ட்ரீட்மெண்ட் சார்ட், ரவுண்ட்ஸுக்காக டாக்டரின் மேசைக்குப் போயிருந்தது. அவர் 12 யூனிட்டை சிரிஞ்சில் ஏற்றிக்கொண்டு, நோயாளியின் அருகே போய், ஸ்பிரிட் பஞ்சால் வயிற்றில் துடைக்கும்போது, கால்மாட்டில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவி, "இப்பத்தானே அந்த சிஸ்டர் ஊசி போட்டுட்டுப் போனாங்க, மறுபடியுமா?" என்று கேட்டார்.

அந்த அம்மா அந்த நேரம் பார்த்து வெந்நீர் வாங்கக் கீழே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. இருவரிடமும் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். இனி கவனமாக இருக்க வேண்டும் என்று எச்சரித்தார்கள். என் மனசாட்சிப்படி, இரண்டு பேரும் தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் சரியாகச் செய்திருந்தார்கள். ஒருவர் தாளை நம்பினார், மற்றவர் திரையை நம்பினார்.

அனுபவமுள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். உங்கள் மருத்துவமனையில் இந்த இரட்டைப் பதிவை எப்படி முடித்தீர்கள்? படுக்கையருகேயே கணினியில் பதிவு செய்வது 32 படுக்கை வார்டில் உண்மையிலேயே நடக்கிற காரியமா? நிர்வாகத்திடம் போய்ப் பேசுவதென்றால் எதை முன்வைத்துப் பேச வேண்டும்?

பதில் 1: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், கோவை

அன்புத் தங்கைக்கு வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பணிக்காலத்தின் கடைசி ஐந்து ஆண்டுகள் கண்முன் வந்து நின்றன. நீங்கள் எழுதிய இன்சுலின் நிகழ்வு எங்கள் மருத்துவமனையில், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியில் நடந்தது. அங்கே தடுத்துக் கேட்க யாரும் அருகில் இல்லை. இரண்டாவது ஊசியும் போடப்பட்டுவிட்டது. கடவுள் புண்ணியத்தில் நோயாளிக்கு ரத்தக்கசிவு எதுவும் ஏற்படவில்லை. அதன்பிறகுதான் எங்களுக்கு விழிப்பு வந்தது.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். தாள் மட்டும் இருந்தால் அதில் சில குறைகள், கணினி மட்டும் இருந்தால் அதில் சில குறைகள். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏனென்றால் எந்த நேரத்திலும் இரண்டில் ஒன்று பின்தங்கியிருக்கும், எது பின்தங்கியிருக்கிறது என்பது பார்க்கிறவருக்குத் தெரியாது. பழகும் வரை இரண்டும் இருக்கட்டும் என்பது பாதுகாப்பான ஏற்பாடு போலத் தோன்றுவதால்தான் நிர்வாகிகள் அதைச் சொல்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நானே அப்படிச் சொன்னவள்.

நாங்கள் செய்தது இது. மருத்துவமனை முழுவதையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வார்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். அந்த வார்டிலும் எல்லாப் படிவங்களையும் ஒரே நேரத்தில் தொடவில்லை. பெரும்பாலோர் வைட்டல்ஸ் சார்ட்டில் (ரத்த அழுத்தம், நாடி, காய்ச்சல் எழுதும் தாள்) தொடங்குவார்கள், அது எளிது என்பதற்காக. மருந்துச் சார்ட்டைக் கடைசிக்கு வைப்பார்கள், அது பயம் என்பதற்காக. நாங்கள் மருந்துச் சார்ட்டைத்தான் முதலில் முழுவதுமாகக் கணினிக்குக் கொண்டுபோனோம். ஒரு திங்கட்கிழமை காலை 8 மணியிலிருந்து அந்த வார்டில் தாள் மருந்துச் சார்ட் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அறிவித்து, நானே போய் அலமாரியில் இருந்த வெற்றுப் படிவங்களையும் எடுத்துப் பூட்டி வைத்தேன். வெற்றுப் படிவம் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், வேலை நெருக்கும்போது கை தானாக அதைத்தான் தேடும்.

அதற்கு முன்பு ஒரு வேலை செய்தோம், அதைச் செய்யாமல் தாளைப் பிடுங்கியிருந்தால் பெரும் பாவமாகியிருக்கும். மூன்று இரவுகள் நான் வார்டில் உட்கார்ந்து, செவிலியர்கள் படுக்கைக்கும் ஸ்டேஷனுக்கும் இடையே எத்தனை முறை நடக்கிறார்கள் என்று எண்ணினேன். கடைசிப் படுக்கையிலிருந்து ஸ்டேஷனுக்கு என் நடையில் 46 அடிகள். ஒரு செவிலியர் மருந்து கொடுத்தவுடன் கணினியில் பதிய வேண்டுமென்றால் ஒவ்வொரு மருந்துக்கும் அந்த 46 அடிகளைப் போய் வர வேண்டும். எந்த மனிதப் பிறவியும் அப்படிச் செய்யாது. இந்தக் கணக்கை எழுதித்தான் நிர்வாகத்திடம் கொடுத்தேன். சக்கரம் வைத்த கணினி மேசைகள் இரண்டு வந்தன. மருந்துத் தட்டை அதன்மேலேயே வைத்துக்கொண்டு படுக்கை படுக்கையாகப் போனோம். முதல் வாரம் தாமதமானது, செவிலியர்கள் அழுதார்கள், எனக்கும் தூக்கமில்லை. நான்காவது வாரத்தில் டியூட்டி முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து ஏற்றுகிற வேலை இல்லாமல் போனது. அந்த அரை மணி நேரம்தான் அவர்களை மனம் மாற்றியது.

நீங்கள் நிர்வாகத்திடம் போகும்போது மென்பொருள் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். பயிற்சி போதவில்லை என்று சொல்லி இன்னொரு வகுப்பு வைப்பார்கள். நடை தூரம், கணினிகளின் எண்ணிக்கை, ஒரு இரவில் கொடுக்கும் மருந்துகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எண்ணி எழுதிக் கொண்டுபோங்கள்.

பதில் 2: டியூட்டி டாக்டர், பொது மருத்துவம்

சிஸ்டர், நீங்கள் குறிப்பிட்ட அந்த இரண்டாவது கணினியில் உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி அடிக்கும் ஆள் நான்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கமும் சொல்ல வேண்டியவை உண்டு. அமெரிக்காவில் வெளிநோயாளிப் பிரிவு மருத்துவர்களின் அருகிலேயே நின்று நேரத்தைக் குறித்து நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணினிப் பதிவிலும் மேசை வேலையிலும் போகிறது என்று அதில் கண்டார்கள். நம் ஊர் ஓ.பி.யின் கூட்டத்தில் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் வார்டு டியூட்டியில் எனக்கு நெருக்கமான அனுபவம் அது.

நேரமில்லாதபோது நாங்கள் செய்யும் தவறு, நேற்றைய குறிப்பை அப்படியே இன்றைக்கு நகலெடுத்து ஒட்டுவது. அது ஒரே ஒரு சொடுக்கில் நடந்துவிடுகிறது. ஒரு நோயாளிக்கு மூன்றாம் நாளே சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள். எட்டாம் நாள் குறிப்பிலும் குழாய் இருப்பதாகவே எழுதியிருந்தது, அதில் என் பெயரும் இருந்தது. அடுத்த நாள் காய்ச்சல் வந்தபோது, குழாயால் வந்த தொற்றாக இருக்கலாம் என்று ஒருவர் அந்தக் குறிப்பை நம்பியே சிந்திக்கத் தொடங்கினார். தாளில் கையால் எழுதிய நாட்களில், இல்லாத குழாயை இருப்பதாக ஐந்து நாள் எழுதுவதற்கு யாருக்கும் கை வராது. அன்றிலிருந்து நான் குறிப்பை நகலெடுப்பதில்லை. நீளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இன்று பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மூத்த கண்காணிப்பாளர் அம்மா சொன்ன படிப்படியான மாற்றத்துக்கு வலுச்சேர்க்கும் ஒரு வரலாறு உண்டு. நிர்வாகத்திடம் பேசும்போது உங்களுக்குப் பயன்படலாம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள ஒரு குழந்தைகள் மருத்துவமனை, மருத்துவர்கள் மருந்துகளையும் பரிசோதனைகளையும் கணினி வழியாக மட்டுமே எழுதும் முறையை ஆறே நாட்களில் மருத்துவமனை முழுவதும் கொண்டுவந்தது. வேறு மருத்துவமனைகளிலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம், அதற்கு முந்தைய 13 மாதங்களில் 2.80 சதவீதமாக இருந்தது, பிந்தைய 5 மாதங்களில் 6.57 சதவீதமாக உயர்ந்தது என்று அதன் மருத்துவர்களே 2005-இல் ஆய்வாக வெளியிட்டார்கள். காரணங்களைப் படித்தால் நம் வார்டுகளை நேரில் பார்ப்பது போல இருக்கும். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்துகளை எழுதித் தயார் செய்துவிடுவார்கள். புதிய முறையில் குழந்தை வந்து சேர்ந்து, பதிவாகி, எண் கிடைத்த பிறகுதான் மருந்தை எழுதவே முடிந்தது. ஒரு மருந்தை எழுதப் பத்து சொடுக்குகள் வரை தேவைப்பட்டன. மருந்துகளை மத்திய மருந்தகத்துக்கு மாற்றிவிட்டதால், அவசரத்துக்குக் கைநீட்டி எடுக்க முடியவில்லை. மருத்துவரும் செவிலியரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் படுக்கையருகே நின்று பேசிக்கொள்வது குறைந்தது.

இதில் முக்கியமானது அடுத்து நடந்தது. சியாட்டில் நகரில் இன்னொரு குழந்தைகள் மருத்துவமனை அதே நிறுவனத்தின் மென்பொருளைத்தான் கொண்டுவந்தது. ஆனால் பிட்ஸ்பர்க் அனுபவத்தைக் கேட்டறிந்து, அடிக்கடி தேவைப்படும் மருந்துத் தொகுப்புகளை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொண்டது. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறப்பு விகிதம் உயரவில்லை என்று 2006-இல் எழுதினார்கள். மென்பொருள் ஒன்றே, வார்டுக்குள் அதைக் கொண்டுவந்த விதம்தான் வேறு. உங்கள் வார்டில் இரண்டு செவிலியர்களிடம் கடிதம் வாங்கியவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுங்கள்.

பதில் 3: மருந்தாளுநர்

மருந்தகத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. எங்கள் மென்பொருளில் மருந்தின் முதல் மூன்று எழுத்துகளை அடித்தால் பட்டியல் விரியும். 'மெட்' என்று அடித்தால் மெட்ஃபார்மினும் மெட்ரோனிடசோலும் மெட்டோப்ரொலாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். சர்க்கரைக்கு ஒன்று, தொற்றுக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று. அவசரத்தில் ஒரு வரி மேலே தொட்டுவிட்டால் போதும். கையெழுத்துப் புரியாத காலத்தில் நாங்கள் சந்தேகப்பட்டு வார்டுக்குத் தொலைபேசியில் கேட்போம். திரையில் அச்சுப்போலத் தெளிவாக வரும் தவறான மருந்தின் மீது சந்தேகமே வருவதில்லை என்பது எனக்கு மிகுந்த கவலையளிக்கிறது.

இதைவிடக் கொடியது, மென்பொருள் தானாக நிரப்பிவிடும் கால அளவு. மூட்டுவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு முறைதான் கொடுக்க வேண்டும். தினமும் கொடுத்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் மென்பொருளில் எந்த மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாலும் 'தினமும்' என்பது தானாக நிரம்பி நின்றது. ஒரு சீட்டு அப்படியே என் மேசைக்கு வந்தது. நோயாளியின் பழைய அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்ததால் பிடித்தேன். பிறகு அந்த ஒரு மருந்துக்கு மட்டுமாவது தானாக நிரம்புவதை எடுத்துவிடுங்கள் என்று மூன்று மாதம் எழுதிக் கேட்டு மாற்ற வைத்தோம். தாளை நிறுத்துவதற்கு முன்பு உங்கள் மருந்தாளுநரையும் கூப்பிட்டு, இப்படி உயிருக்கு ஆபத்தான மருந்துகளின் திரையை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள் சிஸ்டர். இன்சுலினில் தொடங்குங்கள்.

பதில் 4: மருத்துவ ஆவணப் பிரிவு அலுவலர்

சகோதரிக்கு வணக்கம். எம்.ஆர்.டி. பிரிவில் 22 ஆண்டுகளாகக் கேஸ் ஷீட்டுகளோடு வாழ்கிறவன் என்ற முறையில், ஆவணத்தின் சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவரால் அதிகாரமளிக்கப்பட்டவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஆவணங்களைக் கணினிமயமாக்க முயல வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

இப்போது உங்கள் நோயாளி நாளை ஆவணம் கேட்டால் நீங்கள் எதைத் தருவீர்கள்? தாளில் 7.10 என்றும் கணினியில் 8.15 என்றும் ஒரே ஊசிக்கு இரண்டு நேரங்கள் இருக்கும். நீதிமன்றத்தில் இதை வைத்துக்கொண்டு, இரண்டில் ஒன்று பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டது என்று வாதிடுவது மிக எளிது. நடந்த சிகிச்சை குற்றமற்றதாக இருந்தாலும் ஆவணம் அதைக் கெடுத்துவிடும். நிர்வாகத்தின் காதில் விழக்கூடிய வாதம் இது என்பதால் இதையும் உங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டுக் கோப்பில் வந்த கேள்விக்கு ஒரு வழி இருக்கிறது. பல மென்பொருள்களில், ஒரு செயல் நடந்த நேரம் என்றும் அதைக் கணினியில் ஏற்றிய நேரம் என்றும் இரண்டு தனித்தனி இடங்கள் உண்டு. இரண்டாவது தானாகப் பதிவாகும், யாராலும் மாற்ற முடியாது; முதலாவதைச் செவிலியர் நிரப்ப வேண்டும். நிறுவும்போது பலர் முதலாவதை மறைத்துவிடுகிறார்கள், வேலை மிச்சமாகும் என்று. உங்கள் கணினிப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். தாமதமாகப் பதிவது குற்றமாகாது. தாமதமாகப் பதிந்தேன் என்பதை ஆவணம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். உங்கள் வார்டில் ஒரே லாகினை எல்லோரும் பயன்படுத்துகிறீர்களா? நான் பார்த்த பல இடங்களில், காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் உள்ளே நுழைந்துவிட்டுப் போவார், அன்று முழுவதும் எல்லாப் பதிவுகளும் அவர் பெயரில் ஏறும். பாஸ்வேர்டு, மானிட்டரின் ஓரத்தில் பிளாஸ்திரியில் எழுதி ஒட்டியிருக்கும். தாளில் இன்னொருவரின் கையெழுத்தை யாரும் போட மாட்டோம். கணினியில் ஒவ்வொரு நாளும் அதைத்தான் செய்கிறோம். மத்திய சுகாதார அமைச்சகம் 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய மின்னணு சுகாதாரப் பதிவுத் தரநிலைகள், யார் எப்போது எதைப் பார்த்தார்கள், எதை மாற்றினார்கள் என்ற தடம் இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. லாகின் பொதுவாக இருந்தால் அந்தத் தடம், செய்யாத ஒருவரிடம்தான் கொண்டுபோய் நிறுத்தும். தனித்தனி லாகின் போட நேரமாகிறது என்றால், அடையாள அட்டையைத் தொட்டு நுழையும் வசதி வேண்டும் என்று கேளுங்கள். சிரமம் இருக்கிறது என்பதற்காகப் பெயரைக் கடன் கொடுக்காதீர்கள்.

பதில் 5: கிராம சுகாதாரச் செவிலியர்

தோழிக்கு வணக்கம். நான் மருத்துவமனையில் இல்லை, துணை சுகாதார நிலையத்தில் இருக்கிறேன். ஆனால் இரட்டைப் பதிவு என்றால் எங்களை விடத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணித் தாயையும் பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிப் பதிவுத் தளத்தில் பதிந்து 12 இலக்க ஆர்.சி.எச். எண் (தாய்-சேய் நல அடையாள எண்) வாங்கித் தருகிறோம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண்ணைக் கேட்கிறார்கள் என்பதால் மக்களே அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். பதிவேட்டிலும் எழுதுகிறோம், தாயின் அட்டையிலும் எழுதுகிறோம், கணினியிலும் ஏற்றுகிறோம். வீடு வீடாகப் போய்விட்டு வந்து, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி இரவு 9 மணிக்கு உட்கார்ந்து ஏற்றியிருக்கிறேன்.

அப்படியிருந்தும் நான் கணினிப் பதிவின் பக்கம்தான் நிற்பேன். காரணத்தைச் சொல்கிறேன். நம் ஊரில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவாள். கணவன் ஊரில் ஏழு மாதம் பார்த்த செவிலியர் வேறு, இங்கே பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் வேறு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறு மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எட்டாவது மாதத்தில் எங்கள் ஊருக்கு வந்தாள். அட்டையை மாமியார் வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டாள். ரத்த வகை என்ன என்று கேட்டால், "நல்ல ரத்தம்தான்னு சொன்னாங்க" என்கிறாள். கைப்பேசியில் ஆர்.சி.எச். எண் மட்டும் இருந்தது. அதை வைத்துப் பார்த்தபோது ஓ நெகட்டிவ் என்று வந்தது. ஹீமோகுளோபின் ஒவ்வொரு முறையும் குறைந்து வந்திருப்பதும் தெரிந்தது. குழந்தைக்குப் பாசிட்டிவ் வகை. அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகை ஒவ்வாமையால் சிக்கல் வராமல் தடுக்க, குழந்தை பிறந்து 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியை முதல் நாளே போட்டுவிட்டார்கள். எங்கோ ஒரு கிராமத்தில், முகம் தெரியாத ஒரு செவிலியர், என்னைப் போலவே இரவில் உட்கார்ந்து அலுப்போடு ஏற்றிய பதிவு அது. அன்றிலிருந்து எனக்கு அந்த வேலை அலுக்கவில்லை என்று சொன்னால் மிகையாகிவிடும். ஆனால் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டு ஏற்றுகிறேன்.

எங்களுக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் ஒன்றுதான். ஒரு முறை பதிந்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். மற்றப் பதிவேடுகள் அதிலிருந்து தானாக உருவாக வேண்டும்.

பதில் 6: மருத்துவமனைக் கணினிப் பிரிவில் பணிபுரிபவர்

மேலே எல்லோரும் தாளை நிறுத்துவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் அதற்கு முழு ஆதரவு; ஆனால் சர்வர் நின்றுபோகும் நாளுக்கான ஏற்பாடு இல்லாமல் தாளைப் பூட்டி வைக்காதீர்கள். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, ஓ.பி. பதிவு, ஆய்வக முடிவுகள், பில்லிங் எல்லாம் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. இரண்டு வாரங்களுக்கு அருகே அப்படித்தான் ஓடியது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே நேர்ந்தது, நமக்கு மின்தடையிலோ கேபிள் அறுந்தோ நேரலாம்.

எங்கள் ஏற்பாட்டைச் சொல்கிறேன். வார்டில் ஒரு கணினி மட்டும் தனி யு.பி.எஸ்.ஸில் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, அந்த வார்டில் உள்ள எல்லா நோயாளிகளின் மருந்துப் பட்டியலும் கடைசியாக எப்போது கொடுத்தோம் என்ற விவரமும் தானாக அந்தக் கணினிக்குள்ளேயே சேமிக்கப்படும். சர்வர் நின்றால் அதை அச்செடுத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம். அதனருகில் சிவப்பு உறையில் முத்திரையிட்ட வெற்றுப் படிவங்கள் இருக்கும். முத்திரையை உடைத்தவர் நேரமும் பெயரும் எழுத வேண்டும். கணினி திரும்பி வந்ததும், அந்த உறையில் எழுதியவற்றை யார் ஏற்றுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறோம்: பணியில் இருக்கும் செவிலியர் ஏற்றக் கூடாது, எங்கள் பிரிவிலிருந்து ஒருவர் வந்து வார்டில் உட்கார்ந்து ஏற்றுவார், செவிலியர் சரிபார்த்து ஒப்புதல் மட்டும் தருவார். இந்த ஒரு விதிக்காக எங்கள் மேலாளரோடு நான் நிறையப் போராட வேண்டியிருந்தது. சர்வர் நின்றது செவிலியரின் பிழையில்லை. அதன் சுமை மட்டும் ஏன் அவர் தலையில் விழ வேண்டும்?

கேள்வி கேட்டவர்: வார்டு செவிலியர், தென்மாவட்டம்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்து எங்கள் இன்சார்ஜ் சிஸ்டரோடு உட்கார்ந்து படித்தேன். ஆம் ஐயா, எங்கள் வார்டிலும் ஒரே லாகின்தான். பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்தில்தான் ஒட்டியிருந்தது. அன்று மாலையே கிழித்துவிட்டோம், தனித்தனி லாகினுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

கண்காணிப்பாளர் அம்மா சொன்னபடி இரண்டு இரவுகள் எண்ணினேன். எங்கள் கடைசிப் படுக்கையிலிருந்து ஸ்டேஷனுக்கு 58 அடிகள். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை இரண்டு பேர் கொடுத்த மருந்துகள் முதல் இரவில் 143, இரண்டாம் இரவில் 151. இந்த எண்களையும் இரண்டு நேரங்கள் இருக்கும் சார்ட்டின் நகலையும் சேர்த்துக் கொடுத்தோம். மருத்துவக் கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, வார்டுக்கு நேரில் வந்து 58 அடிகளைத் தானே நடந்து பார்த்தார். வரும் மாதம் 1-ஆம் தேதி முதல் எங்கள் வார்டில் இன்சுலின் பதிவு கணினியில் மட்டும் இருக்கும். ஒரு சக்கர மேசை தருகிறார்கள், மருந்தாளுநரும் அன்று உடன் இருப்பார். மற்ற மருந்துகளை அதற்கு அடுத்த மாதம் மாற்றுவதாகப் பேச்சு. அந்த இரு செவிலியர்களிடம் வாங்கிய கடிதங்களைக் கோப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை, விடாமல் கேட்பேன்.

ஒரே ஒரு ஐயம் மட்டும் பாக்கி. மற்ற மருந்துகள் தாளிலும் இன்சுலின் மட்டும் கணினியிலும் இருக்கப்போகும் அந்த ஒரு மாதத்தில் மீண்டும் குழப்பம் வராமல் இருக்க என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர், கோவை

தாள் சார்ட்டில் இன்சுலின் எழுதும் கட்டத்தை ஒவ்வொரு நோயாளிக்கும் முதல் நாளே குறுக்குக் கோடு போட்டு அடித்து, அதன்மேல் 'கணினியைப் பார்க்கவும்' என்று சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். புதிதாக அட்மிஷன் வரும் சார்ட்டிலும் எழுத வேண்டும், அதை ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். குளுக்கோமீட்டரையும் இன்சுலின் பெட்டியையும் ஸ்டேஷனிலிருந்து எடுத்துச் சக்கர மேசையிலேயே வைத்துவிடுங்கள்; ஊசியை எடுக்கப் போகிறவர் திரையின் முன்னால்தான் போய் நிற்க வேண்டும். பெட்டிக்குக் குளிர்ப்பை வாங்க மறக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் பயன்படுத்தாத குப்பிகள் வெளியே கெட்டுவிடும். 1-ஆம் தேதி இரவு எப்படிப் போனது என்று எழுதுங்கள், தங்கையே.